பெயர் வைக்காத பிள்ளையும் ஒன்பதாம் பிரிவும்

கசூபா முபங்கா கையைத் தூக்கியது கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான். அதற்குள் மேடையில் இருந்த தலைவர், "ஆகா, குறிப்பெடுக்க ஆள் கிடைச்சாச்சு! ரொம்ப நன்றிம்மா!" என்று கைதட்டிவிட்டார். கூடம் முழுவதும் சேர்ந்து தட்டியது. அதுவரை தரையையும் தங்கள் செருப்பு நுனியையும் ஆராய்ந்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள்.

அனைத்துலக வலைவழி விதி மன்றத்தின் வழக்கம் அது. குறிப்பெடுக்க ஒருவர் முன்வராமல் எந்த அமர்வும் தொடங்காது. மற்றவர்கள் பேசுவதையெல்லாம் எழுத வேண்டியிருப்பதால் குறிப்பெடுப்பவர் பேச முடியாது. பேசியே ஆக வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து பேனாவை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வந்ததாக மன்றத்தின் வரலாற்றில் தகவல் இல்லை. ஆக, நாட்டின் வடக்கே கசாமாவைத் தாண்டிய ஒரு மாவட்ட மருத்துவமனையிலிருந்து பேருந்து மாறி மாறி, இடுப்பு கழன்று, தெற்குக் கோடி லிவிங்ஸ்டன் வரைக்கும் ஒரே ஒரு வாக்கியம் பேச வந்தவள், வாயைத் திறப்பதற்கு முன்பே வாயடைக்கப்பட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். கசூபா அந்த மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே பிறந்த பிள்ளைக்கு மூச்சு முட்டினால் நெஞ்சைப் படம் எடுக்கலாம். எடுத்த படத்தைப் பார்த்து மருந்து சொல்லத் தெரிந்த குழந்தை மருத்துவர் தலைநகர் லுசாகாவில் இருக்கிறார். படம் வலைவழியே அவருக்குப் போகும். போகிற படத்துக்கு முகவரி போல ஒரு பெயர் உண்டு: மருத்துவமனை, வார்டு, தாய், பிள்ளை என்று நான்கு பகுதிகள். இதில் கடைசிப் பகுதி பெரும்பாலும் காலி. அவள் இனமான பெம்பா வீடுகளில் தொப்புள்கொடி விழும்வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. அதுவரை அது வாசலுக்கு வந்திருக்கும் விருந்தாளி. தங்குமா, திரும்பிவிடுமா தெரியாது. தெரியாத விருந்தாளியின் தலையில் மூதாதை ஒருவரின் பெயரை ஏற்றி வைக்க யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் மூச்சு முட்டுவதற்குக் கொடி விழும்வரை காத்திருக்கத் தெரியவில்லை.

அந்தக் காலிப் பகுதியை என்ன செய்வது என்பதில், படத்தை வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும் வலைப் பெட்டிகளுக்குள் தகராறு. கசாமாவில் இருக்கும் பெட்டி, காலியாக ஒன்றைக் கண்டால் அதை உருவி எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். பிள்ளையின் படம் தாயின் படமாக லுசாகா போய்ச் சேரும். போன மழைக்காலத்தில் மருத்துவர் பதில் எழுதியிருந்தார்: "இந்தப் பெண்மணியின் நுரையீரல் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இவர் நடமாடுவது வியப்பு. கீழ்க்கண்ட மாத்திரைகளை உடனே கொடுக்கவும்." தாய் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். கசாமாவை விட்டு நேராக லுசாகாவுக்கு அனுப்பினாலோ, அங்குள்ள பெட்டி காலிப் பகுதியைக் கண்டதும் முழுவதையும் முகத்தில் விட்டெறிந்துவிடும். இரண்டு பெட்டிகளைச் செய்த இரண்டு நிறுவனங்களுக்கும் கசூபா எழுதிக் கேட்டாள். நாங்கள் மன்றத்தின் ஆவணப்படி நடக்கிறோம் என்று இரண்டுமே பதில் போட்டன. ஆவணத்தின் ஒன்பதாம் பிரிவு பெயர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது; காலியான பகுதியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஆகவே இரண்டு நிறுவனங்களும் சொன்னது சத்தியம்.

காலியாக இருப்பதைக் காலியாகவே கட்டாயம் வைத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் சேர்க்கச் சொல்ல வந்த வாக்கியம். இப்போது அவள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

நிறுவனங்களுக்கு அவள் எழுதிய கடிதங்களால் காலிப் பகுதி அன்றைய நிரலில் ஏறியிருந்தது. முதலில் எழுந்தவர் பிரெஸ்காட், கசாமா பெட்டியைச் செய்த நிறுவனத்துக்காரர். "காலின்னா என்ன? ஒண்ணுமே இல்லாதது. ஒண்ணுமே இல்லாததை நான் தூக்கி எறிஞ்சேன்னா, எதை எறிஞ்சேன்? ஒண்ணையும் எறியலை. எறியாதவனைப் பார்த்து எறிஞ்சான்னு சொல்றது நியாயமா?" என்று கேட்டு, தானே நெகிழ்ந்து உட்கார்ந்தார். அடுத்து ஹெல்கா, லுசாகா பெட்டியின் தரப்பு. "காலியா ஒண்ணை அனுப்புறவங்க எதையோ மறைக்கிறாங்க. என் அனுபவத்துல சொல்றேன், காலியை உள்ளே விட்டா பின்னாலேயே திருடன் வருவான்." முன்னால் வரும் காலியும், நடுவில் வரும் காலியும், கடைசியில் வரும் காலியும் ஒரே காலிதானா என்று தாடிக்காரர் ஒருவர் படம் போட்டு விளக்கினார். காலி என்பதா, வெறுமை என்பதா, இன்மை என்பதா என்று முடிவு செய்யாமல் மேலே போவது ஆபத்து என்று பின்வரிசை எச்சரித்தது. அதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவுக்குக் குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்றதும் கூடம் மறுபடி செருப்பு நுனியைப் பார்த்தது. கசூபா கையை மடிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மதியம் விடுதி முற்றத்தில் ன்ஷிமா என்ற சோளக் களியும் கபெண்டாப் பொடிமீனும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பரிமாறியவன் ஜெரே, ங்கோனி இனத்து ஆள். பெம்பாவும் ங்கோனியும் ஒருவரையொருவர் வம்புக்கிழுப்பது பாட்டன் காலத்து உரிமை. மதில்மேல் குரங்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்ததும் ஜெரே குனிந்து பணிவாகக் கேட்டான்.

"அண்ணி, உங்க ஊர்ல இதைப் பார்த்தா எச்சில் ஊறுமாமே. ஒண்ணைப் பிடிச்சு வறுத்துக் கொண்டு வரட்டுமா?"

"வேணாம்பா. உன் வீட்டு எலி வறுவல் மிச்சமிருந்தா அதைப் போடு. தோலோட வேணாம், உரிச்சுப் போடு."

ஜெரே சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினான். அந்த நேரம் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை வார்டின் தாதி, சிஸ்டர் பனா ம்வாபா.

"ஏண்டி, அந்த வெள்ளைக்காரங்க உன் பேச்சைக் கேட்டாங்களா இல்லையா? இங்க லோம்பேயோட பிள்ளைக்கு விலா உள்ளே போகுது. ரெண்டு தடவை படம் அனுப்பிட்டேன், ரெண்டும் திரும்பி வந்துருச்சு."

"கசாமா வழியா அனுப்புனீங்களா சிஸ்டர்?"

"அனுப்பி? லோம்பேக்கு மாத்திரை வாங்கவா? அவ நல்லாத்தான் இருக்கா. அழுதுட்டு இருக்கா, அவ்வளவுதான்."

"ஒரு பேரைப் போட்டு அனுப்ப முடியாதா?"

"அவ தாய்மாமன் கதவுகிட்டயே உட்கார்ந்திருக்கான். பேனாவை எடுத்தாலே எழுந்து நிக்கிறான். நீ சீக்கிரம் ஏதாவது பண்ணு."

பேச்சு அறுந்தது. கசூபா தட்டை ஒதுக்கி வைத்தாள். எழுந்து நேராகத் தலைவரிடம் போனாள். தலைவர் ஓட்மார், அரைக்கால் சட்டையும் மன்றத்தின் பழைய பனியனும் போட்ட பெரிய மனிதர். ஒன்பதாம் பிரிவை எழுதியவரே அவர்தான். காப்பிக் கோப்பையோடு யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். ஆவணத்தைத் திறந்து கடைசிப் பிரிவைக் காட்டினாள். தலைப்பு இருந்தது; அதன்கீழே, "இந்தப் பிரிவில் எதுவும் இல்லை" என்று அச்சிட்டிருந்தது.

"சார், இதுல ஒண்ணுமே இல்லையே. எடுத்துட்டா என்ன?"

ஓட்மாரின் சிரிப்பு நின்றது. "எடுக்கறதா? அம்மா, எடுத்தா ஆவணமே செல்லாது! ஒண்ணும் இல்லேன்னாலும் இடம் இருக்கணும். இல்லாட்டி, யோசிச்சுத்தான் விட்டாங்களா, இல்ல மறந்துபோய் விட்டாங்களான்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கொள்கைக்காக நான் ஏழெட்டு வருஷம் சண்டை போட்டிருக்கேன்."

"அதையேதான் நானும் பிள்ளைக்குக் கேட்கறேன் சார்."

ஓட்மார் அவளைப் பரிவோடு பார்த்தார். "அது வேறம்மா. இது ஆவணம். ஆவணத்துல ஒரு ஒழுங்கு வேணுமில்லையா?"

"அப்ப அமர்வுல பேச எனக்கு ரெண்டு நிமிஷம் கொடுங்க."

"நீங்க குறிப்பெடுக்கறவங்க ஆச்சே! யாராவது பேனாவை வாங்கிட்டா தாராளமா பேசுங்க. நம்ம மன்றத்துல உறுப்பினர், உறுப்பினர் இல்லாதவன்னு வித்தியாசமே கிடையாது. கூடத்துக்குள்ள வந்தவன் எல்லாருமே மன்றம்தான். உலகத்துல வேற எங்கேயும் இப்படி ஒரு ஜனநாயகம் பார்க்க மாட்டீங்க."

பிற்பகல் அமர்வில் தண்ணீர்ப் பாட்டில் வைக்கக் கூடத்துக்குள் வந்தான் ஜெரே. கசூபா பேனாவை அவன் கையில் திணித்தாள். "எழுது. யார் என்ன சொல்றாங்களோ அப்படியே எழுது." ஜெரே ஆட்சேபிக்கவில்லை. விடுதியில் இதைவிட விசித்திரமான கட்டளைகளை அவன் கேட்டிருக்கிறான். அவன் எடுத்த குறிப்பு இன்றும் மன்றத்தின் காப்பகத்தில் இருக்கிறது, முதல் வரி: "ஒருவர் ஐஸ் கேட்டார். இல்லை என்றேன்."

கசூபா ஒலிவாங்கி முன் நின்று பெயரைச் சொன்னாள். பிறகு பிள்ளைகளைச் சொன்னாள், தொப்புள்கொடியைச் சொன்னாள், மாத்திரை விழுங்கிய தாயைச் சொன்னாள், இந்த நிமிடம் விலா உள்ளே போகிற பிள்ளையைச் சொன்னாள். கடைசியில் அந்த வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள். சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, காரியம் முடிந்தது என்றே நினைத்துவிட்டாள்.

பிரெஸ்காட் எழுந்தார். "அற்புதமான பேச்சு. இந்த மாதிரி குரல்களுக்காகத்தான் நாம ஆப்பிரிக்காவுக்கே வந்தோம். ஒரே ஒரு சின்ன சந்தேகம். பிள்ளைக்குப் பேர் வச்சுட்டா என்ன?"

கூடத்தில் ஒரு மகிழ்ச்சி அலை பரவியது. சிக்கல் நெறிமுறையில் இல்லை, பிள்ளையில்தான் இருக்கிறது என்பது எல்லாருக்கும் பெரிய நிம்மதி. ஹெல்கா இன்னும் ஒருபடி மேலே போனார். "இல்லேன்னா கொடி விழற வரைக்கும் படத்தைப் பெட்டியிலேயே நிறுத்தி வைக்கலாம். கொடி விழுந்ததும் பெட்டிக்கு யாராவது தெரிவிக்கணும், அவ்வளவுதான். அதுக்குத் தனியா ஒரு நெறிமுறை எழுத நான் தயார்."

"அதுவரைக்கும் பிள்ளை மூச்சை நிறுத்தி வச்சுக்குமா?" என்று கசூபா கேட்டாள்.

"அது இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது," என்றார் ஓட்மார், வருத்தத்தோடு.

பிறகு முடிவுக்கு வந்தார்கள். மன்றத்தில் ஓட்டுப் போடுவது கிடையாது. ஓட்டு என்பது எண்ணிக்கை. எண்ணிக்கை அரசியல் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் உம் கொட்டுவார்கள். தலைவர் கேள்வி கேட்பார். ஒத்துக்கொள்கிறவர்கள் வாயை மூடியபடி "உம்ம்ம்" என்பார்கள். எந்த உம் பலமோ அது விதி. உலகத்தில் ஓடுகிற பெட்டிகளெல்லாம் அந்த உம்முக்குக் கட்டுப்பட்டவை.

"காலிப் பகுதியைக் கட்டாயம் வைத்து அனுப்பணும்னு நினைக்கிறவங்க, இப்போ," என்றார் ஓட்மார்.

கசூபா நெஞ்சிலிருந்து உம் கொட்டினாள். ஜெரே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கூடச் சேர்ந்து கொட்டினான். தாடிக்காரர் கொட்டினார், பின்வரிசையில் கொஞ்சம் பேர் கொட்டினார்கள். மெலிந்த உம்தான், ஆனாலும் காதில் விழுந்தது.

"வைக்கிறது, எறியறது, திருப்பி அனுப்பறது எல்லாம் பெட்டி செய்யறவங்க இஷ்டம்னு நினைக்கிறவங்க, இப்போ."

அந்த நொடியில் மின்சாரம் போயிற்று. திரைச்சீலை இழுத்துவிட்டிருந்த கூடம் கும்மிருட்டானது, குளிரூட்டிகள் ஓய்ந்தன, ஒரு தொண்டையும் அசையவில்லை. அந்த அமைதியில் கசூபாவுக்கு உயிர் வந்தது. மறுநொடி சன்னலுக்கு வெளியே விடுதியின் டீசல் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி, "உம்ம்ம்ம்ம்ம்" என்று எடுத்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. மேசைகளில் பாட்டில்கள் நடுங்கின.

விளக்கு வந்தபோது ஓட்மாரின் முகம் மலர்ந்திருந்தது. "இவ்வளவு பலமான உம்மை என் வாழ்நாள்ல கேட்டதில்லை," என்றார்.

"ஐயா, அது ஜெனரேட்டர்ங்க," என்றான் ஜெரே.

"தம்பி, யார் உம் கொட்டினாங்கன்னு நாம பார்க்கறதில்லை. எந்த நாடு, எந்த நிறுவனம், எந்த நிறம், எதையும் பார்க்கறதில்லை. பார்க்க ஆரம்பிச்ச அன்னைக்கு இந்த மன்றம் செத்துரும். கூடத்துல கேட்டது உம். நான் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. ஒருமித்த கருத்து. அடுத்த விஷயம்."

அடுத்த விஷயம் மன்றத்தின் புதுப் பனியனுக்கு என்ன நிறம் என்பது. அதில் கருத்து ஒருமிக்கவில்லை. சாயங்காலம் வரை போயிற்று.

கசூபா முற்றத்துக்கு வந்து சிஸ்டரை அழைத்தாள். அழக்கூடாது என்று வைத்திருந்த தீர்மானம் பாதியிலேயே உடைந்துவிட்டது. "முடியலை சிஸ்டர். ஓட்மார்னு ஒருத்தர், அவர்தான் தலைவர். பிள்ளைக்குப் பேர் வச்சுட்டா முடிஞ்சதுன்னு சொல்றாங்க. வேற வழி எதுவும் எனக்குத் தெரியலை."

சிஸ்டர் வசவு ஒன்றைச் சொல்லிவிட்டு, "இரு," என்றார். தொலைவில் பேச்சுக் குரல்கள், லோம்பேயின் அழுகை, ஓர் ஆணின் கடுமையான குரல் எல்லாம் கேட்டன. வெகுநேரம் கழித்து சிஸ்டர் திரும்பி வந்தார்.

"மாமன் என்ன சொல்றான் தெரியுமா? 'ஒரு பெட்டிக்காக எங்க பெரியவங்க பேரைத் தொட மாட்டேன். அவசரப்படறது யாரு, ஓட்மாரா? அப்ப அவன் பேரையே வை. கொடி விழுந்ததும் கழட்டிப் போட்டுடலாம்'னு சொல்லிட்டான். அந்தப் பேர்ல படம் போயிடுச்சுடி. பதிலும் வந்துருச்சு. ஊசி போட்டாச்சு."

கசூபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்துவிடும் என்பது தவிர அப்போது வேறெதுவும் மனத்தில் ஏறவில்லை. அந்த மகிழ்ச்சியில் ஜெரேயிடம் சொன்னாள்; ஜெரே சமையற்கட்டில் சொன்னான்; காப்பியோடு சேர்ந்து செய்தி ஓட்மாரை எட்டியது.

நிறைவு நாள் உரையை ஓட்மார் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடங்கினார். "ஒன்பதாம் பிரிவுக்கு என் இளமையைக் கொடுத்தேன். என்ன கண்டேன்னு என் மனைவி கேட்டிருக்கா, பிரிஞ்சு போறப்ப. இன்னைக்குச் சொல்வேன். தூரத்துல ஒரு ஆப்பிரிக்கக் கிராமத்துல ஒரு பச்சைப் பிள்ளைக்கு என் பேரை வச்சிருக்காங்க. நம்ம நெறிமுறை மக்கள்கிட்ட போய்ச் சேர்ந்திருக்குங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அதே சூட்டில் ஒன்பதாம் பிரிவில் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள்: "அனுப்புவதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துவிடுவது உசிதம்." குறிப்பெடுப்பவள் என்ற முறையில் கசூபாதான் அதைத் தன் கையால் எழுதினாள்.

ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் லோம்பேயின் பிள்ளைக்குக் கொடி விழுந்தது. மாமன் முறைப்படி பெரியவர் ஒருவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். பிள்ளை வீரிட்டு அழுதது. அழுதால் அந்தப் பெயரை ஏற்கவில்லை என்று பொருள். இன்னொன்றைச் சொன்னார்கள், இன்னும் உரக்க அழுதது. களைத்துப்போன லோம்பே, "ஓட்மார், சும்மா இருடா," என்றாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? பிள்ளையின் பெயர் நிலைத்துவிட்டது. பெம்பா வழக்கப்படி அன்றோடு தாயின் பெயரும் போய்விட்டது. ஊரும் வார்டும் அவளைப் பனா ஓட்மார், ஓட்மாரின் அம்மா, என்று அழைக்கத் தொடங்கின. எப்படி அழைப்பாரோ அப்படியே சிஸ்டர் கணினியில் தாய்க்கான பகுதியிலும் தட்டினார்.

போகாத படம் போனது, சாகவிருந்த பிள்ளை பிழைத்தது, கொடி விழுந்த பிறகும் பெயரை விடமாட்டேன் என்றது. இவ்வளவும் ஒரே பெயருக்கு நடந்தால் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? அடுத்து மூச்சு முட்டிய பிள்ளையின் தாய், படம் எடுக்கும் அறை வாசலிலேயே, "ஓட்மார்னு போடுங்க," என்றாள். அதற்கடுத்தவள் பெண் பிள்ளைக்கு அதையே கேட்டாள்.

"வேற பேர் எதையாவது வைங்கம்மா, கும்பிடறேன். ஒரே பேர்ல ரெண்டு படம் போனா பின்னால போறது முன்னால போனதை அழிச்சிடும்," என்று கசூபா வார்டு வார்டாகப் போய்க் கெஞ்சினாள்.

"வேற பேருக்குப் படம் போகும்னு நீ சத்தியம் பண்ணுவியா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பெட்டிகளை நம்பி எதற்கும் சத்தியம் பண்ண கசூபாவுக்கு வாய் வரவில்லை.

ஓட்மாருக்கே எழுதிக் கேட்டாள். ஒரே பெயர் பலருக்கு வருவது ஒன்பதாம் பிரிவின் வரம்புக்குள் வராது, அடுத்த கூட்டம் உலகின் வடகோடியில், ரெய்க்யாவிக்கில், நேரில் வந்து பேசலாம் என்று பதில் வந்தது. இப்போது பல பிள்ளைகள் என்று அறிந்து மிகவும் நெகிழ்ந்ததாகக் கடைசியில் எழுதியிருந்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் லுசாகா மருத்துவரிடமிருந்து அவசரச் செய்தி வந்தது. கசூபா அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளை வார்டுக்கு ஓடினாள்.

"சிஸ்டர், ஓட்மாருக்கு நெஞ்சுல தண்ணி கோத்திருக்காம். மதியத்துக்குள்ள எடுத்தாகணுமாம். தாமதிச்சா பிழைக்காதாம்."

சிஸ்டர் செய்தியை வாங்கிப் பார்த்தார். அனுப்பிய படங்களில் எது அழிந்தது, எது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. சிஸ்டர் வார்டின் கதவைத் திறந்து, "பனா ஓட்மார்!" என்று கூப்பிட்டார்.

நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.